ஆண்டிபட்டி யாருக்கு ஓட்டுப் போடுகிறது? 1977 முதல் 2024 வரை ஒரு நிகழ்வு ஆய்வு

ஆண்டிபட்டி என்றதும் அரசியல் பேசுகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: அது அதிமுக ஊர். எம்.ஜி.ஆர். நின்று ஜெயித்த இடம், ஜெயலலிதா நின்று ஜெயித்த இடம். தவறான பதில் இல்லை. 1977 முதல் 2021 வரை, இடைத்தேர்தல் இரண்டையும் சேர்த்து, இந்தத் தொகுதி பதின்மூன்று முறை சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அதில் ஒன்பது முறை அதிமுக, நான்கு முறை திமுக.

அந்த நான்கு முறைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1989, 1996, 2019, 2021. இதில் 1996ஐத் தனியே வைக்க வேண்டும். அந்த வருஷம் பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார், தமிழ்நாடு முழுக்க அதிமுக நாலே இடத்தில்தான் வென்றது. மற்ற மூன்றிலும் அதிமுக இரண்டாக உடைந்து ஒரே ஊரில் ஒன்றை ஒன்று எதிர்த்து நின்றது. வென்றவர் பெயர் மாறிக்கொண்டே இருந்தாலும், அடியில் இருக்கும் சாய்வு அவ்வளவு மாறவில்லை என்பதுதான் இந்தத் தொகுதியின் எண்களைப் பார்க்கும்போது தெரிகிறது. 2024இல் மட்டும் வேறு ஏதோ நடந்திருக்கிறது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

ஊர்

மதுரையிலிருந்து தேனி போகிற சாலையில் உசிலம்பட்டியைத் தாண்டி, கணவாய் ஏறி இறங்கினால் ஆண்டிபட்டி. பேரூராட்சி. கடைத்தெரு, பேருந்து நிலையம், ரயில் நிலையம், அதை ஒட்டி சக்கம்பட்டியின் நெசவுத் தெருக்கள். சுற்றிலும் கிராமங்கள். தெற்கே கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று மலையடிவாரம் வரை தொகுதி நீள்கிறது. வைகை பிறப்பது அந்த மலையில். 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையும் இந்த வட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அணைத் தண்ணீர் கிழக்கே மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று போய்விடுகிறது. ஆண்டிபட்டி மேட்டுக்காடு மழையை நம்பித்தான் இருக்கிறது. இங்குள்ள கண்மாய்களுக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வேண்டும் என்ற கோரிக்கை எத்தனையோ தேர்தலைப் பார்த்துவிட்டது.

பிரமலைக் கள்ளர் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். பட்டியலின மக்கள், நாயக்கர், செட்டியார், பிள்ளைமார், நெசவுத் தொழிலில் இருப்பவர்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் உண்டு. “தேவர் ஓட்டு இருக்கிறது, அதனால் அதிமுக ஜெயிக்கிறது” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் அதிகம். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. பக்கத்தில் இருக்கும் உசிலம்பட்டியும் அதே சமூகம் மிகுந்த தொகுதிதான். அங்கே பார்வர்டு பிளாக்கின் சிங்கம் சின்னத்துக்குப் பல தலைமுறையாக ஓட்டு விழுந்திருக்கிறது. மூக்கையாத் தேவர் காலத்திலிருந்து அந்த ஊருக்கென்று ஒரு கட்சி இருந்தது. ஆண்டிபட்டி அந்தப் பக்கம் போகவில்லை, இரட்டை இலைப் பக்கம் போனது. சாதி ஒன்றே காரணமாக இருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

என் கணிப்பில், இந்தப் பகுதியில் இலைக்கு ஓட்டு சேர்த்தது சினிமாவும் பெண்களும். 1962இல் பக்கத்துத் தேனித் தொகுதியில் நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரன் திமுகவில் நின்று வென்றார். அதே ராஜேந்திரன் 1980இல் அதிமுகவில் சேர்ந்து ஆண்டிபட்டியில் நின்று வென்றார். திரையில் பார்த்த முகத்துக்கு ஓட்டுப் போடுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. ஆனால் ரசிகர் மன்றம் மட்டும் ஐம்பது வருஷத்துக்குத் தாங்காது. 1982இல் வந்த சத்துணவுத் திட்டம் காட்டு வேலைக்குப் போகிற தாய்மாருக்கு நேரடியாகப் புரிந்த ஒன்று. பிள்ளைக்கு மத்தியானச் சோறு பள்ளியில் கிடைத்துவிடும், அந்தக் கவலை இல்லாமல் களை எடுக்கப் போகலாம். அதை யார் கொடுத்தார் என்பதை மறக்க மாட்டார்கள்.

1984: வராத வேட்பாளர்

1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நோயில் விழுந்தார். சென்னை அப்பல்லோவிலிருந்து நியூயார்க் புரூக்ளினில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதே அக்டோபர் கடைசியில் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். டிசம்பரில் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்துத் தேர்தல். எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டி வேட்பாளர். அதற்கு முன் அவர் நின்றது பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு. ஆண்டிபட்டி அவருக்குப் புதிய தொகுதி.

ஒரு நாள்கூட அவர் ஊருக்கு வரவில்லை. வர முடியாது. ஊருக்கு வந்தது மருத்துவமனையில் எடுத்த படம்தான். அவர் உயிரோடு இருக்கிறார், சாப்பிடுகிறார், சிரிக்கிறார் என்பதைக் காட்டும் அந்தக் காட்சிகளைத் தமிழ்நாடு முழுக்கப் போட்டுக் காட்டினார்கள். ஆண்டிபட்டியில் அவருக்கு 60,510 ஓட்டு, திமுக வேட்பாளருக்கு 28,026. வித்தியாசம் 32,484.

இதை வெறும் அனுதாப அலை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அலை இருந்தது உண்மைதான், அதுவும் இரட்டை அலை. ஆனால் ஓட்டுப் போட்டவர்களின் கண்ணிலிருந்து பார்த்தால், அவர்கள் செய்த காரியத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. வேட்பாளர் வருவாரா, தண்ணீர் கொண்டுவருவாரா, சாலை போடுவாரா என்ற கேள்வியெல்லாம் அந்தத் தேர்தலில் இல்லை. கட்சிக்கும் சின்னத்துக்கும் நேரடியாகப் போட்ட ஓட்டு அது. உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற கணக்கு ஆண்டிபட்டியில் அன்றைக்கே பின்னுக்குப் போனது. பிற்காலத்தில் இதே குணம்தான் இந்தத் தொகுதியை மேலிடத்துக்குப் பாதுகாப்பான இடமாக்கியது. அதற்கான விலையையும் ஊர் கொடுத்தது.

1989: சின்னம் இல்லாத தேர்தல்

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்தார். கட்சி ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று பிரிந்தது. இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. கணவர் வென்ற ஆண்டிபட்டியிலேயே ஜானகி நின்றார். எம்.ஜி.ஆர். மனைவி என்ற அடையாளத்தைவிடப் பெரிய அடையாளம் இந்த ஊரில் வேறு என்ன இருக்க முடியும்? ஆனாலும் தோற்றார். திமுகவின் ஆசையன் வென்றார்.

அதே தேர்தலில் பக்கத்துப் போடிநாயக்கனூரில் ஜெயலலிதா வென்று சட்டமன்றத்துக்குள் போனார். மேற்கு மதுரை வட்டாரம் வாரிசு யார் என்பதை அந்தத் தேர்தலிலேயே முடிவு செய்துவிட்டது என்று சொல்லலாம். இரண்டு அணியும் சேர்ந்து, இலை திரும்பக் கிடைத்து, 1991இல் அதிமுக இந்தத் தொகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

2001, 2002, 2006: முதலமைச்சர் தொகுதி

2001இல் ஜெயலலிதா நான்கு தொகுதிகளில் மனு போட்டார், நான்கும் தள்ளுபடியானது. டான்சி நில ஊழல் வழக்கின் தண்டனை ஒரு காரணம், இரண்டுக்கு மேற்பட்ட தொகுதியில் நின்றது இன்னொரு காரணம். அந்த நான்கில் ஆண்டிபட்டியும் ஒன்று. மாற்று வேட்பாளராக மனு கொடுத்திருந்த தங்க தமிழ்ச்செல்வன் நின்று வென்றார். அதே வருஷம் டிசம்பரில் டான்சி வழக்கில் ஜெயலலிதாவுக்கு விடுதலை கிடைத்ததும் தங்க தமிழ்ச்செல்வன் பதவியை விட்டுக் கொடுத்தார். 2002 பிப்ரவரி 21 அன்று இடைத்தேர்தல்.

ஜெயலலிதாவுக்கு 78,437, திமுகவின் வைகை சேகருக்கு 37,236. வித்தியாசம் 41,201. மார்ச் 2ஆம் தேதி முதலமைச்சரானார். 2006இல் மறுபடி ஆண்டிபட்டி. இந்த முறை அவருக்கு 73,927, திமுகவின் சீமானுக்கு (நாம் தமிழர் சீமான் இல்லை) 48,741. வித்தியாசம் 25,186.

2002க்கும் 2006க்கும் இடையே வித்தியாசம் பதினாறாயிரம் குறைந்ததைக் காட்டி, “அம்மா செல்வாக்கு சரிந்தது” என்று அப்போது பலர் சொன்னார்கள். எண்ணைப் பிரித்துப் பார்த்தால் அப்படி இல்லை. ஜெயலலிதா இழந்தது நாலாயிரத்து ஐந்நூறு ஓட்டுதான். திமுக கூடுதலாகப் பெற்றது பதினோராயிரத்து ஐந்நூறு. அதிமுகவின் அடித்தளம் அசையவே இல்லை. இடைத்தேர்தலில் சோர்ந்து ஒதுங்கியிருந்த எதிர்த்தரப்பு பொதுத் தேர்தலில் திரும்பி வந்தது. ஆளுங்கட்சி முழுப் பலத்தோடு இறங்குகிற இடைத்தேர்தலில் எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் வீட்டில் இருந்துவிடுவது நம் ஊர்களில் வழக்கம்தான். 2006இல் மாநிலத்தில் ஆட்சி போனது, ஆண்டிபட்டி போகவில்லை.

முதலமைச்சர் தொகுதியாக இருந்ததில் ஊருக்குக் கிடைத்தது என்ன? க.விலக்கில் 2004இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் பெரிய காரியம். வருசநாட்டிலிருந்து பிரசவத்துக்கு மதுரைக்கு ஓடிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும். அதைத் தவிர, விவசாயத்துக்கான தண்ணீர் வரவில்லை. மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நிறுத்தப்பட்டு, அகலப்பாதையில் தேனிக்கு மறுபடி ரயில் ஓட 2022 மே மாதம் ஆனது. மத்திய அரசின் வேலை அது என்றாலும், இவ்வளவு பெரிய பெயர்கள் சொந்தம் கொண்டாடிய ஒரு தொகுதி பன்னிரண்டாம் வருஷம்வரை ரயிலுக்குக் காத்திருந்தது எனக்கு வருத்தம்தான். நிச்சயம் விழும் ஓட்டுக்கு யாரும் தனியாக வேலை செய்ய வேண்டியதில்லை என்பதை ஆண்டிபட்டி நன்றாகவே அனுபவித்திருக்கிறது.

பூத்தும் கணக்கும்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சின்ன ஊர்களில் ஓட்டு எப்படி விழுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இது அவசியம். வாக்குச் சீட்டு இருந்த காலத்தில் பல பெட்டிச் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. மின்னணு இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு பூத்தின் எண்ணிக்கையும் தனித்தனியாகத் தெரிந்துவிடுகிறது. படிவம் 20 என்ற ஆவணத்தில் பூத் வாரியாகப் போட்டும் விடுகிறார்கள். ஒரு கிராமத்துக்கு ஒன்றோ இரண்டோ பூத்துதான். கிராமத்திலோ தெருவுக்கு ஒரு சமூகம். அதனால் தனி ஆளின் ஓட்டு ரகசியமாக இருந்தாலும், தெருவின் ஓட்டு ரகசியமாக இல்லை. காலனிப் பக்கத்து பூத் யாருக்குப் போட்டது, மேலத்தெரு பூத் யாருக்குப் போட்டது என்று எண்ணிக்கை முடிந்த சாயங்காலமே டீக்கடையில் தெரியும். ஒன்றியச் செயலாளர், கிளைச் செயலாளர் எல்லோரும் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு அடுத்த தேர்தல் வரை பேசுவார்கள். “உங்க ஊர்ல நமக்கு எத்தன விழுந்துச்சுன்னு தெரியும்ல” என்ற பேச்சு சாதாரணமானது இல்லை. சாலை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாம் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. பல பூத் எண்ணிக்கையைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையம் முன்பு பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால் சின்ன ஊர்களுக்குத்தான் அதிக நன்மை.

பணமும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. 2019 ஏப்ரல் 16 இரவு, ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஆண்டிபட்டியில் அமமுகவின் (அதிமுகவிலிருந்து பிரிந்த டி.டி.வி.தினகரனின் கட்சி) தேர்தல் அலுவலகம் இருந்த கட்டடத்தில் சோதனை நடந்தது. தகராறில் போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. வருமான வரித் துறை கைப்பற்றியதாகச் சொன்னது 1 கோடியே 48 லட்சம் ரூபாய். பணம் பொட்டலம் பொட்டலமாக, ஒவ்வொன்றிலும் வார்டு எண், வாக்காளர் எண்ணிக்கை, தலைக்கு 300 ரூபாய் என்று எழுதியிருந்தது. அந்தப் பணத்துக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று அமமுக மறுத்தது. 300 ரூபாய் வீதம் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 49,000 பேருக்கு வரும். பிடிபட்ட பணம் யார் கைக்கும் போகவில்லை என்பதால், பணம் ஓட்டாக மாறியதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் யார் வைத்த பணமாக இருந்தாலும், ஒரு சின்ன ஊரின் வாக்காளர்களை வார்டு வாரியாக எண்ணி உறையில் எழுதி வைக்கிற அளவுக்கு ஏற்பாடு இருந்தது என்பது மட்டும் அன்றைக்கு வெளிச்சத்துக்கு வந்தது.

2019, 2021: அண்ணன் தம்பி

2011 தேர்தலுக்கு முன் தொகுதி எல்லைகள் மாறின. தேனி என்ற சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போனது. புதிய ஆண்டிபட்டியில் தங்க தமிழ்ச்செல்வன் 2011இல் 21,031, 2016இல் 30,196 வித்தியாசத்தில் திமுகவின் மூக்கையாவைத் தோற்கடித்தார். ஜெயலலிதா மறைவுக்குப் பின் அவர் தினகரன் பக்கம் நின்றார். 2017 செப்டம்பரில் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்த பதினெட்டு பேரில் அவரும் ஒருவர். 2018 அக்டோபரில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

2019 ஏப்ரல் 18இல் இடைத்தேர்தல், கூடவே மக்களவைத் தேர்தல். திமுக சார்பில் மகாராஜன், அதிமுக சார்பில் அவருடைய தம்பி லோகிராஜன், அமமுக சார்பில் ஜெயக்குமார். மகாராஜனுக்கு 87,079, லோகிராஜனுக்கு 74,756. பத்திரிகைகள் அண்ணன் தம்பி கதையை விரும்பி எழுதின. எனக்கு மூன்றாவது எண்தான் முக்கியம். அமமுகவுக்கு 28,000 சொச்சம் விழுந்தது. அதை லோகிராஜன் பெற்றதோடு கூட்டினால் ஒரு லட்சத்து மூவாயிரம். 2016இல் தங்க தமிழ்ச்செல்வன் இரட்டை இலையில் தனியாக வாங்கியதும் அதேதான்: 1,03,129.

மூன்று வருஷத்தில் தலைவி மறைந்து, ஆட்சி ஆட்டம் கண்டு, எம்.எல்.ஏ. பதவி பறிபோய், கட்சி உடைந்து எல்லாம் நடந்த பிறகும் அந்தப் பக்கத்து ஓட்டின் மொத்தம் அப்படியே இருந்திருக்கிறது. இரண்டாகப் பிரிந்ததுதான் மாற்றம். திமுக கூடுதலாகப் பெற்றது 14,000. அதற்கும் காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம்: 2016இல் மக்கள் நலக் கூட்டணியாகத் தனியே நின்ற இடதுசாரிகள், மதிமுக, விசிக எல்லாம் 2019இல் திமுகவோடு இருந்தார்கள்.

அதே நாளில் மக்களவைக்கு நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. தமிழ்நாட்டில் அதிமுக கூட்டணி வென்ற ஒரே இடம் தேனி. ஓ.பி.ரவீந்திரநாத் 5,04,813, திமுக கூட்டணியில் காங்கிரஸின் ஈ.வி.கே.எஸ்.இளங்கோவன் 4,28,120, அமமுகவில் நின்ற தங்க தமிழ்ச்செல்வன் 1,44,050. அதாவது, தேனிக்குள் இருக்கும் ஆண்டிபட்டி, பெரியகுளம் இரண்டும் சட்டமன்றத்துக்குத் திமுகவைத் தேர்ந்தெடுத்த அன்றைக்கே தேனி முழுவதற்குமான எம்.பி. அதிமுக. கை சின்னத்துக்குப் போட மனம் வராமல், உதயசூரியனுக்கு மட்டும் போட்டவர்கள் கணிசமாக இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு பட்டனை வேறு வேறாக அழுத்தத் தெரிந்த வாக்காளரைக் கண்மூடித்தனமான விசுவாசி என்று யாரும் சொல்லக்கூடாது.

2021இல் மறுபடி அதே அண்ணன் தம்பி. மகாராஜன் 93,541, லோகிராஜன் 85,003. அமமுக பாதிக்கும் கீழே விழுந்து பன்னிரண்டாயிரத்தை ஒட்டி நின்றது. அமமுக இழந்த பதினாறாயிரத்தில் பெரும்பகுதி இலைக்குத் திரும்பியிருக்கிறது. ஆனாலும் மிச்சம் நின்ற பன்னிரண்டாயிரம் தோல்வி வித்தியாசமான 8,538ஐவிட அதிகம். அமமுக ஓட்டு மொத்தமும் அதிமுகவுக்கு வந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், அப்படிக் கூட்டிப் பார்ப்பது கட்சிக்காரர்களின் ஆறுதல். ஆனால் முக்கால்வாசி வந்திருந்தாலே முடிவு மாறியிருக்கும்.

2024: கூட்டினாலும் போதாத கணக்கு

இதுவரை சொன்ன விளக்கம் 2024இல் நிற்கவில்லை. தேனி மக்களவைத் தொகுதியில், 2019 ஜூனில் திமுகவுக்கு வந்துவிட்ட தங்க தமிழ்ச்செல்வன் உதயசூரியனில் நின்றார். பாஜக கூட்டணியில் தினகரன், அதிமுகவில் நாராயணசாமி. தங்க தமிழ்ச்செல்வன் 5,71,493, தினகரன் 2,92,668, அதிமுக சுமார் ஒன்றரை லட்சம். தினகரனையும் அதிமுகவையும் கூட்டினால் நாலரை லட்சம்தான் வருகிறது. 2019இல் இதே கூட்டல் ஆறரை லட்சத்தை ஒட்டி இருந்தது. ஐந்து வருஷத்தில் இரண்டு லட்சம் ஓட்டு அந்தப் பக்கத்திலிருந்து போயிருக்கிறது.

எங்கே போனது? முதலில், வேட்பாளர். இருபது வருஷத்துக்கு மேல் அதிமுகவின் ஒவ்வொரு கிளைச் செயலாளரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் திமுகவில் நிற்கிறார். கட்சி மாறத் தயங்கியவர்களுக்கு அவர் ஒரு பாலமாக இருந்திருப்பார். ஓ.பன்னீர்செல்வம் அந்தத் தேர்தலில் ராமநாதபுரத்துக்குப் போய்விட்டார். தினகரன் பாஜகவோடு சேர்ந்ததால் முஸ்லிம், கிறிஸ்தவ ஓட்டு அவரை விட்டு விலகியது. கம்பம், பெரியகுளம் பக்கத்தில் அது சின்ன எண் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியதாக எனக்குத் தெரிவது பெண்கள் ஓட்டு. 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை, மாதம் ஆயிரம் ரூபாய், நேரே வங்கிக் கணக்கில். சத்துணவு காலத்தில் எம்.ஜி.ஆர். பக்கம் சாய்ந்தவர்களின் மகள்களும் மருமகள்களும்தான் இந்தத் தொகையை வாங்குகிறவர்கள். நூறு நாள் வேலைக்கும் பூ எடுக்கவும் தறிக்கும் போகிற பெண்ணுக்கு அந்த ஆயிரம் ரூபாய், யாரிடமும் கேட்காமல் எடுத்துச் செலவழிக்கும் பணம். இந்த ஊரின் பெண்கள் 1984இலும் சரி, 2024இலும் சரி, தங்கள் கைக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். அவர்கள் பார்த்த விஷயம் மாறவில்லை, கொடுக்கும் கட்சி மாறியிருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை உண்டு. 2024 எண்கள் ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குமானவை. அதை அப்படியே ஆண்டிபட்டியின் எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது. பூத் வாரியாகப் பிரித்துத்தான் பேச வேண்டும். அப்புறம், மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் வேறு வேறாகப் போடத் தெரிந்த ஊர் இது என்பதை 2019இல் பார்த்துவிட்டோம். சக்கம்பட்டி தறித் தெரு, கடமலைக்குண்டு, வருசநாடு, இந்த மூன்று இடத்து பூத்களையும் 2016, 2019, 2021, 2024 என்று வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு அணி ஓட்டையும் கூட்டிய பிறகும் எண் குறைந்துகொண்டே போகிற பூத்களில்தான் பழைய சாய்வு உண்மையில் விட்டுப்போயிருக்கிறது.